எல்வா வீட்டுச் சுவரில் இருந்த ஆணிப் பலகை

போய்ச் சேர்ந்த முதல் நாள் மாலையே அந்தப் பலகையின் மேல் சமையலறைத் துண்டைக் காயப் போட்டவள் நான்தான். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு முழ நீளத்தில் கறுத்துப்போன மரப்பலகை ஒன்று மாட்டப்பட்டிருந்தது. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு, விரல் நீள இரும்பு ஆணிகள் நான்கைந்து வரிசைகளில் நெருக்கமாக நின்றன. யாரோ துருவை எடுத்து, எண்ணெய் தடவி, வீட்டுக்கு அழகாக இருக்கட்டும் என்று மாட்டியிருந்தார்கள். கம்பளி சிக்கெடுக்கும் சீப்பாக இருக்கும் என்றார் என் கணவர். மலை என்றால் ஆடு இருக்கும், ஆடு இருந்தால் கம்பளி இருக்கும் என்பது அவருடைய கணக்கு. எனக்கும் அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. மறுநாள் என் மகளின் நனைந்த தொப்பியும் அதில் தொங்கியது. வாடகைக்கு எடுத்த வீட்டில் சுவரில் இருப்பதெல்லாம் நம் வசதிக்காகவே இருக்கிறது என்று நான்காம் நாள் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பிப் பல மாதங்கள் ஆன பின்னும் அந்தத் துண்டைப் பற்றிய கூச்சம் போகவில்லை.

எல்வா, இத்தாலியின் வடமேற்கு மூலையில், பியேமோந்தே மாநிலத்தின் மைரா பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஏறி இறங்கினால் பிரான்ஸ். பெரிய பனிச்சறுக்கு விடுதிகளும் கம்பிவட ஊர்திகளும் கட்டப்படாமல் தப்பிய பள்ளத்தாக்கு என்பதால், நடைபயணத்துக்கென்று ஜெர்மானியர்கள் விரும்பி வருகிறார்கள். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் அலுவலகத்தில் இருவர் சொல்லித்தான் எனக்கும் அந்தப் பெயர் தெரியும். செப்டம்பர் கடைசியில் நானும் கணவரும் மகளும், ஊரிலிருந்து மூன்று மாதம் தங்க வந்திருந்த அம்மாவும் காரில் போனோம். மலையிடுக்கின் பாறையைக் குடைந்து எல்வாவுக்கு நேராகப் போகும் பழைய சாலை பாறைச் சரிவால் மூடிக் கிடந்தது. ஸ்த்ரோப்போ என்ற ஊரின் வழியாகச் சுற்றித்தான் ஏற வேண்டும். வளைவுகள் முடிவதாகத் தெரியவில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடியிருந்த அம்மா, "கொல்லிமலைக்கே திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டீங்களாட்டம் இருக்குது" என்றார். கொல்லிமலையில் கொண்டை ஊசி வளைவு 70. இங்கே எண்ணுகிற நிலையில் நாங்கள் இல்லை. கொண்டை ஊசி என்று, தலைமுடியோடு தொடர்புடைய இந்தப் பெயரை ஏறும்போது எத்தனை முறை சொன்னோமோ, அப்போது அதில் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

வீடு 1,600 மீட்டர் உயரத்தில், சாலை முடிந்து இருநூறு அடி நடந்தால் வரும் சிறு குடியிருப்பில் இருந்தது. பூசாத கற்சுவர், மேலே ஓட்டுக்குப் பதில் தட்டையான கற்பலகைகள். சாவி, எண் பூட்டுப் போட்ட ஒரு பெட்டியில். உரிமையாளர் தூரினில் வசிப்பவர். கடைசி வரை நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. இத்தாலிய மொழியிலும் ஜெர்மனிலும் அச்சடித்த வழிகாட்டிக் கோப்பு ஒன்று மேசையில் இருந்தது. அதில் நான்கு பக்கம் அடுப்பைப் பற்றி மட்டும். அந்த ஊர்க்காரர்கள் 'புத்தாஜே' என்று சொல்லும் வார்ப்பிரும்பு விறகடுப்பு. சமைப்பதற்கும் அதுதான், வீடு சூடாவதற்கும் அதுதான். நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு நானும் கணவரும் முக்கால் மணி நேரம் போராடினோம். அறை முழுக்கப் புகை. அம்மா வந்து பார்த்தார், புகைக்குழாயில் இருந்த சிறு கைப்பிடியைத் திருப்பினார். "பொகை போற வழிய அடைச்சு வெச்சுக்கிட்டு ஊதுனா எப்புடிக் கண்ணு பத்தும்?" அதன்பிறகு ஆறு நாளும் அந்த அடுப்பு அவர் பொறுப்பில் இருந்தது. அதன் வட்ட மூடிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியால் எடுத்து, தோசைக்கல் உட்காரும் அளவைக் கண்டுபிடித்தபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை ஸ்டுட்கார்ட் வீட்டின் மின்னடுப்பு ஒருநாளும் தந்ததில்லை.

எங்கள் படுக்கையறை முன்பு மாட்டுத்தொழுவமாக இருந்தது. வளைந்த கற்கூரை, சுவரோரம் தீவனத்தொட்டி. தொட்டியில் இப்போது புத்தகங்கள். குளிர்காலத்தில் மாடுகளின் உடற்சூட்டுக்காகக் குடும்பம் முழுவதும் தொழுவத்திலேயே மாலை வேளைகளைக் கழிப்பது இந்த மலைகளின் வழக்கம் என்று கோப்பு சொன்னது. படித்தபோது அழகாகத்தான் இருந்தது. மாலையில் குடியிருப்பைச் சுற்றி நடந்தோம். எட்டு வீடுகள். இரண்டில் கூரை உள்ளே விழுந்திருந்தது; மூன்றில் எங்கள் வீட்டுக் கதவில் இருந்ததைப் போன்ற எண் பூட்டுப் பெட்டி; மீதியில் சன்னல் அடைத்திருந்தது. நூறாண்டுகளுக்கு முன் எல்வாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். இப்போது நூறு பேர்கூட இல்லை. போருக்குப் பிறகு தூரினின் கார்த் தொழிற்சாலைகளும், 1960களில் கூனியோவில் வந்த டயர் ஆலையும் மலையைக் காலி செய்தன. அண்மையில், கொரோனாவுக்குப் பிந்தைய மீட்பு நிதியிலிருந்து மாநிலத்துக்கு ஓர் ஊர் என்று தேர்ந்தெடுத்தபோது பியேமோந்தேயில் எல்வாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது: இரண்டு கோடி யூரோ. நூறு பேரில்லாத ஊருக்கு இரண்டு கோடி. போனவர்களைத் திரும்ப அழைக்க அது போதுமா என்று தெரியாது. எங்களைப் போன்றவர்கள் வந்து தங்க நிச்சயம் போதும். என் சக ஊழியர்கள் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் முதலில் சொன்ன சொல் அமைதி. ஆட்கள் போய்விட்டதால் வந்த அமைதிக்குத்தான் நாங்கள் இரவுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்திருக்கிறோம் என்பது அன்று மாலை லேசாக உறுத்தியது. தோசை வெந்ததும் மறந்துவிட்டது.

சாவி வைத்திருந்த பெண்மணி

நான்காம் நாள் மழை. நடக்கப் போக முடியாது. எல்வாவின் நடுக் குடியிருப்பான செர்ரேயில் உள்ள தேவாலயத்தின் சுவரோவியங்களைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். ஹான்ஸ் கிளேமர் என்ற ஓவியர் 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீட்டியவை. சிலுவையேற்றக் காட்சி பீடத்துக்குப் பின்சுவர் முழுவதையும் நிறைத்திருக்கிறது. இப்படியொரு மலை உச்சியில் இப்படியொரு ஓவியமா என்று எல்லோரும் வியப்பதைப் போலவே நாங்களும் வியந்தோம். வெளியே வந்தபோது, ஊரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, சாவி தன்னிடம் இருக்கிறது, மழையாக இருப்பதால் திறந்து காட்டுகிறேன் என்று ஒரு பெண்மணி சொன்னார். எழுபது வயது இருக்கும், அம்மாவின் வயது. என்ன அருங்காட்சியகம் என்று கேட்டேன். அவர் தன் தலையைத் தொட்டுக்காட்டி, "பெல்ஸ்" என்றார். அந்த மலையில் பேசப்படும் ஆக்சித்தான் மொழியில் அதற்கு முடி என்று பொருள். மாலை வகுப்பில் இரண்டு ஆண்டு கற்ற என் இத்தாலிய மொழிக்கு அந்தச் சொல் எட்டவில்லை, கைதான் விளக்கியது.

அந்தக் காலத்தில், அறுவடை முடிந்து பனி விழும் முன் மலையிலிருந்து ஆண்கள் இறங்கிவிடுவார்கள். வீட்டில் இருப்பது கம்பும் உருளைக்கிழங்கும் மட்டும் என்னும்போது, குளிர்காலம் முழுக்க ஒரு வாய் குறைவதே பெரிய வருமானம். (அங்கே விளைவது நம் கம்பு இல்லை, ரை என்னும் குளிர்நாட்டுத் தானியம்; அம்மாவுக்கு அப்படித்தான் சொல்லிவைத்தேன்.) பக்கத்து ஊரான செல்லே தி மாக்ராக்காரர்கள் நெத்திலிக் கருவாடு விற்கப் போனார்கள், கடலையே பார்க்க முடியாத மலையூரார், கடற்கரையிலிருந்து உப்பில் பதப்படுத்திய மீனைப் பெட்டி பெட்டியாக வாங்கி, வண்டியில் தள்ளிக்கொண்டு சமவெளி எங்கும் விற்றிருக்கிறார்கள். எல்வாக்காரர்கள் தேர்ந்தெடுத்தது தலைமுடி. 'கவியே' என்று அவர்களுக்குப் பெயர். பியேமோந்தேயைத் தாண்டி வெனேத்தோ வரை ஊர் ஊராகப் போய், ஏழை விவசாயப் பெண்களிடம் பேசி, கூந்தலை வெட்டி வாங்கி வருவார்கள். எல்வாவின் பெண்கள் அதைக் கழுவி, சிக்கெடுத்து, நீளவாரியாகவும் நிறவாரியாகவும் பிரித்துக் கட்டுவார்கள். அங்கிருந்து பாரிசுக்கும் லண்டனுக்கும் போய், விக்காகவும் சவுரியாகவும் ஆகும்.

இரண்டாவது அறையில் எங்கள் வீட்டுப் பலகை இருந்தது. அதே நீளம், அதே ஆணிகள். ஆணிகளுக்குள் ஒரு கைப்பிடி மாநிறக் கூந்தல் செருகி, பாதி இழுத்த நிலையில் விடப்பட்டிருந்தது. என் மகள்தான் முதலில் கண்டாள். "அம்மா, நம்ம தொப்பி ஸ்டாண்ட்" என்றாள், ஜெர்மனில், உரக்க. அந்தப் பெண்மணிக்கு ஜெர்மன் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

வெட்டிய கூந்தல் மட்டும் போதாமல், சீப்பில் வரும் உதிர்ந்த முடியையும் அவர்கள் வாங்கினார்கள் என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னபோது, அதுவரை சும்மா நின்ற அம்மா நிமிர்ந்தார். "சிக்குமுடி!" என்றார், தெரிந்த ஆளைச் சந்தையில் பார்த்தவரைப் போல. எங்கள் ஊரில் தலைவாரி முடித்ததும் சீப்பில் வந்ததை விரலில் சுற்றி உருண்டையாக்கிச் சுவர்ப் பொந்தில் செருகிவைப்பார்கள். மாதம் ஒருமுறை தெருவில் ஆள் வருவார். ஒரு பிடி சிக்குமுடிக்கு நாலு ஊக்கோ ஒரு பலூனோ கிடைக்கும். அந்தப் பலூன்களுக்காக நான் அத்தைகளின் சீப்புகளையெல்லாம் கண்காணித்திருக்கிறேன். சிக்குமுடியில் ஒரு சிக்கல் உண்டு என்று அந்தப் பெண்மணி விளக்கினார். முடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள், கூரை ஓடுகளைப் போல வேரிலிருந்து நுனி நோக்கி அடுக்கியிருக்கும். வேரும் நுனியும் மாறி மாறிக் கலந்தால் செதிலோடு செதில் மாட்டி, அந்தக் கூந்தல் ஒரே வாரத்தில் கம்பளியாகிவிடும். ஆகவே குளிர்கால இரவுகளில், தொழுவத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முடியாக வேர் எது, நுனி எது என்று பிரிக்க வேண்டும்.

எப்படிப் பிரிப்பது? அவர் அம்மாவின் தலையைப் பார்த்து, கண்ணாலேயே அனுமதி கேட்டார். அம்மா தன் கொண்டையிலிருந்து ஒரு வெள்ளை முடியை இழுத்துக் கொடுத்தார். அதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் நீளவாட்டில் பிடித்து, விரல்களை முன்னும் பின்னுமாக மெல்ல உரசினார். முடி தானாக ஊர ஆரம்பித்தது. உயிருள்ள ஒன்று விரலிடுக்கிலிருந்து வெளியே வருவதைப் போல, ஒரே திசையில், நிறுத்தாமல். எந்தப் பக்கம் ஊர்கிறதோ அந்தப் பக்கம் வேர். அம்மா அதை வாங்கித் தானும் செய்துபார்த்தார், வந்தது. திருப்பிப் பிடித்தார், அப்போதும் வேர்ப் பக்கமே ஊர்ந்தது. இரண்டு பெண்மணிகளும் சிரித்தார்கள். வெள்ளை முடிக்குத்தான் அந்தக் காலத்தில் விலை அதிகம் என்று அவர் சொன்னார்; நீளமான வெள்ளை முடி கிடைப்பது அரிது, கிடைத்தால் எந்தச் சாயமும் ஏறும். "அப்ப எனக்கு இப்பத்தான் மதிப்பு" என்றார் அம்மா.

பிறகு எந்த ஊர் என்று அவர் கேட்டார். இந்தியா என்றேன். அவர் தலையை மெல்ல ஆட்டி, "அப்படியா, இப்போது முடி உங்களிடமிருந்துதான் வருகிறது" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. ஒரே தொழிலின் இரண்டு ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ளும் தொனிதான். அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டது வேறு: "அந்தப் பொம்பளைங்களுக்கு என்ன குடுத்தாங்களாம்?" கொஞ்சம் காசு, பெரும்பாலும் துணி, வெட்டிய தலையை மூடிக்கொள்ள ஒரு தலைக்குட்டை என்று பதில் வந்தது. அம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பின்னலை நெடுநேரம் பார்த்தார். "நமக்காச்சும் தலைக்குச் சந்தனம் பூசி அனுப்புனாங்க" என்றார்.

பழனியில் இறக்கியது

1985இல் எனக்கு ஒன்பது வயது. டைபாய்டு வந்து இருபது நாள் படுத்திருந்தேன். பிழைத்தால் முடியிறக்குவதாகப் பழனி முருகனுக்கு அம்மா வேண்டிக்கொண்டார். வேண்டியது எனக்காக, இறக்கியது தன்னுடையதை. இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல் அது. கட்டணச் சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து இரண்டு முடிச்சாகப் போட்டுவிட்டுச் சிரைத்தார்கள். (2021 செப்டம்பரிலிருந்து தமிழகக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை.) சந்தனம் பூசிய தலையோடு படியேறிய அம்மாவின் பின்னால் நான் போனேன். பழனியில் அது கண்ணில் படவே இல்லை. பார்க்கும் தலையெல்லாம் மொட்டை, உள்ளே நிற்கும் ஆண்டியும் மொட்டை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து வாசலில்தான் கண்ணில் பட்டது.

அந்த முடி எங்கே போயிற்று என்று நான் யோசிக்கத் தொடங்கியது ஐரோப்பாவுக்கு வந்த பிறகு. ஒரு சலூனின் கண்ணாடியில் 'இந்தியக் கோயில் முடி' என்று தரச்சான்றைப் போல எழுதி ஒட்டியிருந்தார்கள். பிறகு தேடித் தேடிப் படித்தேன். பழனி, திருத்தணி, சமயபுரம், திருப்பதி என்று எல்லாக் கோயில்களிலும் முடி ஏலம் போகிறது. திருப்பதி தேவஸ்தானம் 2011இலிருந்து இணையத்திலேயே ஏலம் விடுகிறது. கோயில் முடிக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்றால், கட்டிய நிலையில் ஒரே வீச்சில் சிரைப்பதால் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று கலையாமல் இருக்கிறது; சாயம் கண்டதில்லை. எல்வாவின் பெண்கள் ஓர் இரவில் ஒரு கைப்பிடி என்று விரலால் செய்த வேலை, கடவுளுக்குக் கொடுக்கும் முறையிலேயே இங்கு முடிந்துவிடுகிறது. ரோமுக்கு வடக்கே உள்ள ஓர் ஆலையில் அதன் கருமையைச் சிறிது சிறிதாகக் கழற்றிவிட்டுப் பொன்னிறமும் செம்பழுப்பும் ஏற்றுகிறார்கள். இதையெல்லாம் படித்த நாளிலிருந்து, அம்மாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் எனக்குள் இருந்தது. அருங்காட்சியகத்திலிருந்து திரும்பிய அன்று இரவு, அடுப்புக்கு முன்னால், அதை முதல்முறையாக அவரிடம் சொன்னேன். நீங்கள் சாமிக்குக் கொடுத்ததை அவர்கள் விற்றுவிட்டார்கள், இந்த நாட்டில் யாரோ ஒருத்தி அதைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்திருப்பாள் என்றேன்.

2004இல் இதே கேள்விக்காக ஒரு பெரிய களேபரம் நடந்தது. மணமான யூதப் பெண்களில் மரபு பேணுவோர் தங்கள் முடியை மறைக்க விக் அணிவார்கள். அந்த விக்குகளில் இந்தியக் கோயில் முடி இருக்கிறது, அது வேற்றுத் தெய்வத்துக்குப் படைத்த பொருள், ஆகவே அணியலாகாது என்று ஜெருசலேமின் யூத மதகுரு ரப்பி எல்யாஷிவ் தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் விக்குகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். அதற்கு முன் ஒரு தூதர் திருப்பதிக்கே போய் விசாரித்துத் திரும்பியிருந்தார். விசாரித்தது இதைத்தான்: பக்தர் கடவுளுக்குக் கொடுப்பது முடியையா, முடியை இழப்பதையா?

அம்மா அடுப்புக்குள் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "முடிய வெச்சுக்கிட்டுச் சாமி என்ன பண்ணும்? அது எங்க வேணா போகட்டும். மொட்டத்தலையோட நாலு பேரு முன்னால நின்னேன்ல, அதுதான் காணிக்கை."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை முழுவதும் திரும்பி வந்தது. பள்ளிக்கூட வாசலில் சாப்பாட்டுக் கூடையோடு அம்மா நின்றது, பின்னால் இரண்டு பெண்கள் சிரித்தது, வீட்டுக்குப் போனதும் நான் அழுதது. முடி வளரும் வரை பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதே, வந்தால் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு வா என்று நான் சொன்னது. அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. ஆறேழு மாதம், கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும், தலையில் முந்தானை இருந்தது. சந்தனத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவரைப் போல அவர் அன்று பேசினார். முந்தானையை மறந்திருக்க மாட்டார். எல்வாவில் தலைக்குட்டை என்ற சொல்லை அவருக்கு மொழிபெயர்த்ததும் நான்தான்.

துண்டை எடுத்து, அடுப்புக் கம்பியில் போட்டேன். பலகையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கழற்றி வைக்க அது என் சுவர் இல்லை. உரிமையாளருக்கு எழுதி, அது எந்தப் பலகை என்று தெரியுமா என்று கேட்டேன். பாட்டி காலத்துச் சாமான், உடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு விருந்தினர் ஏற்கெனவே ஓர் ஆணியை வளைத்துவிட்டார் என்று பதில் வந்தது. பாட்டி அதில் என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியுமா, தெரிந்தும் விருந்தினரிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாரா என்பதை அந்தப் பதிலிலிருந்து ஊகிக்க முடியவில்லை. வீட்டின் பழைய மரச் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் கோப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. தீவனத்தொட்டிக்குக்கூட இருக்கிறது.

கடைசி நாள் காலை வானம் வெளுத்திருந்தது. லார்ச் மரங்களின் நுனியில் மஞ்சள் தொடங்கியிருந்தது. புறப்படும் முன் செய்ய வேண்டியவை என்று கோப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல்: சாம்பலை இரும்பு வாளியில் மட்டும் கொட்டவும், கண்ணாடிப் பாட்டில்களைத் தனியே பிரிக்கவும், தண்ணீர்க் குழாயை அடைக்கவும். நான் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தேன். அம்மா வாசற்படியில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தார். முடித்ததும் சீப்பில் வந்ததை விரலில் சுற்றினார். வெள்ளையும் ஓரிரண்டு கருப்புமாகப் புளியங்கொட்டை அளவில் ஓர் உருண்டை. எழுந்து, கதவுக்குப் பக்கத்துக் கற்சுவரைக் கையால் தடவிப் பார்த்து, இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு பொந்தைக் கண்டுபிடித்து, அதைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினார். பட்டியலின் கடைசி வரி, தங்கள் பொருள் எதையும் வீட்டில் விட்டுச் செல்ல வேண்டாம் என்றது. கதவைப் பூட்டி, சாவியைப் பெட்டிக்குள் போட்டு, எண்களைக் கலைத்துவிட்டு இறங்கினேன்.